யார் யாரைச் சந்தித்தார்கள் என்ற பட்டியல்

ஆண்டுக்கு இரண்டு தடவை எங்கள் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புகிறேன். கடந்த ஆறு மாதங்களில் மாநிலப் பாராளுமன்ற உறுப்பினர் எவரையாவது, அரசாங்க அதிகாரி எவரையாவது சந்தித்தீர்களா? எங்கே? எதைப் பற்றிக் கதைத்தீர்கள்? பல்கலைக்கழகத்துக்குச் சாதகமான முடிவு ஏதாவது கேட்டீர்களா? படிவம் இணைக்கப்பட்டிருக்கிறது, மூன்று கிழமைக்குள் நிரப்பி அனுப்பவும்.

மூன்று கிழமைக்குள் பாதிப் பேர்கூட அனுப்புவதில்லை. நான் நினைவூட்டுவேன். பிறகு இன்னொரு தடவை நினைவூட்டுவேன். அதற்குப் பிறகு தொலைபேசியில் கூப்பிடுவேன். என் பெயரைச் சொன்னதும் மறுமுனையில் ஒரு மூச்சு கேட்கும். அந்த மூச்சை வைத்தே இது எந்தத் துறை என்று இப்போது என்னால் சொல்லிவிட முடியும். மருத்துவத் துறையில் அது நீளமாக இருக்கும்.

நான் பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவில் வேலை செய்கிறேன். சட்டம் படித்தவள் இல்லை. அங்கே சட்டம் படித்த மூன்று பேருக்கும் வேண்டிய தாள்களை ஒழுங்குபடுத்துபவள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாநிலத்தில் ஒரு விதி வந்தது. மாநிலத்தின் பணத்தில் இயங்கும் எந்த நிறுவனமும், அரசியல்வாதிகளை அணுகித் தனக்காகப் பேசினால் அதை அறிவிக்க வேண்டும். இங்கே அதை லொபி என்பார்கள். பெரிய மருந்துக் கம்பனிகளையும் வங்கிகளையும் நினைத்துத்தான் அந்தச் சொல்லைச் சொல்வார்கள். பல்கலைக்கழகமும் அதற்குள் வரும் என்றபோது எங்கள் ஆட்களுக்கு மனம் நொந்துவிட்டது. நாங்கள் அறிவைத் தேடுகிறவர்கள், எங்களை ஏன் இதற்குள் இழுக்கிறார்கள் என்று கேட்டார்கள். ஆனால் புதிய கட்டிடம் வேண்டும் என்றால் பாராளுமன்றம்தான் கை உயர்த்த வேண்டும். கை உயர்த்தப் போகிறவர்களோடு யாராவது முதலே கதைக்கத்தான் வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும்.

அந்த வேலையை நானாகத்தான் கேட்டு வாங்கினேன். யார் யாரோடு இருந்து சாப்பிட்டார்கள் என்று எவரும் எவருக்கும் சொல்லத் தேவையில்லாத நாட்டிலிருந்து வந்தவள் நான். பெரிய முடிவுகள் எல்லாம் எங்களுக்குத் தெரியாத அறைகளில் எடுக்கப்பட்டன. அவற்றின் பலன் மட்டும் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. அதனால் இப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கும் வேலை என்றதும் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. முதல் ஆண்டு நான் ஒவ்வொரு படிவத்தையும் இரண்டு தடவை வாசித்தேன்.

இரண்டாம் ஆண்டிலிருந்து களைப்பு வந்தது. காலநிலை பற்றி ஆராய்கிற ஒரு பேராசிரியர் எல்லாவற்றையும் அறிவித்தார். டிராமில் ஒரு உறுப்பினருக்கு வணக்கம் சொன்னது, நீச்சல் தடாகத்தில் ஒரு அதிகாரியோடு தண்ணீரின் சூட்டைப் பற்றிக் கதைத்தது, எல்லாம் தனித்தனி வரியில் வந்தன. இவை தேவையில்லை என்று எழுதினேன். எது தேவை, எது தேவையில்லை என்பதற்கு எழுத்தில் வரையறை தாருங்கள் என்று பதில் எழுதினார். பொருளியல் துறையில் இன்னொருவர் இருந்தார். அவர் பாராளுமன்றக் குழுக்களுக்கு அடிக்கடி போய்வருவதைப் பத்திரிகையில் நானே பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ‘அறிவிக்க எதுவுமில்லை’ என்று இரண்டு சொல்லில் பதில் அனுப்புவார். கேட்டால், குழு என்னைக் கூப்பிட்டது, நான் கேள்விக்குப் பதில் சொன்னேன், நான் எதையும் கேட்கவில்லை என்பார். விதிப்படி அவர் சொல்வதும் சரிதான். கூப்பிட்டுக் கேட்டால் அது நிபுணரின் கருத்து. கூப்பிடாமல் போனால் லொபி. குழு கூப்பிட்டு, கேள்விக்குப் பதில் சொல்லி முடித்து, வாசலில் கோட்டை மாட்டும்போது ஒரு வார்த்தை சொன்னால் அது எது என்பதற்கு எங்கள் சட்டப் பிரிவில் மூன்று பேரிடம் மூன்று பதில் இருக்கிறது.

இது போதாதென்று வேறு தாள்களும் உண்டு. அமெரிக்க அரசின் உதவியோடு நடக்கும் ஆய்வுகளுக்கு, அந்த நாட்டில் எவரிடமும் சிபாரிசு பேச அந்தப் பணம் போகவில்லை என்று தனியாக உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். பிரஸ்ஸல்ஸ் பக்கம் எங்களுக்காகக் கதைக்கிறவர் எவ்வளவு நேரம் கதைக்கிறார் என்று இன்னொரு பதிவேட்டுக்கு எழுத வேண்டும். அவற்றையும் நான்தான் செய்கிறேன். எங்கள் வீடு இருக்கும் ஆராவில் ரயில் ஏறி முக்கால் மணித்தியாலம் உட்கார்ந்து வந்து, பிறரின் சந்திப்புகளை வரி வரியாக எழுதிவிட்டு, திரும்ப முக்கால் மணித்தியாலம் உட்கார்ந்து போவேன். வீட்டில் கணவர் இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. அவர் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். அவரிடம் எப்போதும் ஏதாவது ஒரு கதை இருக்கும்.

சட்டப் பிரிவுக்கு வருவதற்கு முன் அதே பல்கலைக்கழகத்தின் குசினியில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். மென்சா என்று இங்கே சொல்லும் மாணவர் உணவகம். அகதி விசாவோடு வந்த எனக்குக் கிடைத்த முதல் வேலை, நகரும் பட்டியில் வந்துகொண்டே இருக்கும் சாப்பிட்ட தட்டுகளை, எங்கள் பேச்சில் கோப்பைகளை, எடுத்து அடுக்குவது. அங்கேதான், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவரோடு பழக்கம் வந்தது. என்னைவிட எட்டு வயது மூத்தவர், யாழ்ப்பாணத்துக்காரர். அவரும் என்னைப் போலவே விசா விசா என்று அலைந்து வந்தவர். நான் பின்னேர வகுப்பில் அலுவலகப் படிப்பு படித்த நாட்களில், நேரத்துக்கு ரயிலைப் பிடிக்கட்டும் என்று என் பங்குக் கோப்பைகளையும் சேர்த்துத் தானே அடுக்குவார். அதை ஒரு நாளும் பெரிய விசயமாகச் சொன்னதில்லை. நான் படித்து முடித்து அலுவலகத்துக்குப் போனேன். அவர் குசினியிலிருந்து மேல்மாடிக்குப் போனார். விருந்தினர்களுக்குப் பரிமாறும் சிறிய அறை அங்கே இருக்கிறது, பின்னால் ஏரியும் மலையும் தெரியும். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் களிசானும் போட்டு அவர் அங்கே நிற்கும்போது தூதரகத்து ஆள் மாதிரி இருப்பார். அந்த வேலையில் அவருக்குப் பெருமை உண்டு. யார் எதைச் சாப்பிட மாட்டார்கள், யாருக்கு வைன் வேண்டாம், யார் கோப்பியில் பாலை முதலே ஊற்ற வேண்டும், எல்லாம் அவருக்கு நினைவில் இருக்கும்.

உணவகம் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமில்லை. ஒரு கம்பனி ஒப்பந்தத்தில் நடத்துகிறது. அண்ணை அந்தக் கம்பனியின் ஆள். நான் பல்கலைக்கழகத்தின் ஆள். ஆனால் கிழமையில் இரண்டு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பொருள் இறக்கும் பின்வாசலில் நின்று இருவரும் கோப்பி குடிப்போம். பத்து நிமிசம். பிள்ளைகள், ரயில், முட்டிவலி, கோயில் திருவிழாவுக்கு யார் சமையல் என்று கதை போகும்.

அந்த ஆண்டு வசந்தத்தில் பெரிய ஆய்வுகூடக் கட்டிடம் ஒன்றுக்கு மாநிலப் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு வரவிருந்தது. அதை முதலில் பார்ப்பது பாராளுமன்றத்தின் கட்டிடக் குழு. பல்கலைக்கழகத்தில் அதற்குப் பொறுப்பானவர் துணை ரெக்டர், தலைமைப் பதவிக்கு அடுத்தவர். அவருடைய செயலகத்திலிருந்து எனக்கு வந்த படிவத்தில், அந்த ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு சந்திப்பு இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த, பத்திரிகைக்காரர்களும் வந்த ஒரு சுற்றுப் பார்வை.

அந்தப் படிவம் வந்த கிழமைதான் பின்வாசலில் அண்ணை காளானைப் பற்றிச் சொன்னார். கட்டிடக் குழுவில் இருக்கிற ஒருவர் சைவமாம். ஒரு வியாழக்கிழமை மதியம் துணை ரெக்டர் அவரையும் குழுவில் இருக்கிற இன்னொருவரையும் மேல்மாடிக்குக் கூட்டிவந்தாராம். அன்றைய சாப்பாட்டுப் பட்டியலில் சைவக்காரருக்கென்று ஒன்றும் எழுதப்படவில்லையாம். அண்ணை குசினிக்கு ஓடிப்போய், தானே நின்று காளான் பொரித்து எலுமிச்சம்புளி விட்டுக் கொண்டுவந்து வைத்தாராம். அந்த மனிசன் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாராம்.

“சாப்பிட்டுக்கொண்டே கட்டிடக் கதைதான் முழுக்க,” என்றார் அண்ணை. “என்ர காளானை ஒருத்தரும் கவனிக்கேல்லை எண்டு நினைச்சன். போகேக்க கையைப் பிடிச்சு நன்றி சொன்னவர்.”

அவர் காளானைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு மற்றதுதான் கேட்டது.

அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தேன். சரியாகச் செய்ய ஒரு வழி இருந்தது. மேல்மாடி அறையின் முன்பதிவுப் பட்டியலை நான் கேட்டு எடுத்திருக்கலாம். எல்லாச் செயலகங்களுக்கும் பொதுவாக ஒரு மின்னஞ்சல் போட்டு, சாப்பாட்டுச் சந்திப்புகளையும் மறக்க வேண்டாம் என்று நினைவூட்டியிருக்கலாம். அன்று எனக்குத் தலையிடி. அதற்கு முதல்நாள் பொருளியல் பேராசிரியர் நாற்பது நிமிசம் என்னோடு தர்க்கம் பண்ணியிருந்தார். நான் துணை ரெக்டரின் செயலகத்துக்கு நேராகவே எழுதினேன். மார்ச் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், மேல்மாடி அறையில், கட்டிடக் குழு உறுப்பினர்கள் இருவரோடு நடந்த மதியச் சாப்பாடு படிவத்தில் இல்லையே, அது விடுபட்டதா?

அனுப்பிய பிறகு எழுந்து தண்ணீர் குடித்தேன். கெட்டிக்காரத்தனமான வேலை செய்துவிட்டதாக ஒரு நினைப்புக்கூட இருந்தது. இரண்டு கரண்டி சீனி போட்ட மாதிரி ஒரு சந்தோசம். அது அடுத்த நாள் காலை வரைக்கும்தான்.

காலையில் செயலகப் பொறுப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். என் வயதுப் பெண், எப்போதும் மரியாதையாகக் கதைப்பவர். அன்றும் மரியாதை குறையவில்லை. இந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டார். முன்பதிவுப் பட்டியலிலிருந்து என்றேன். பொய். வாயில் அதுதான் வந்தது. அவர் ஏதோ தாளைப் புரட்டுவது கேட்டது. பிறகு, அந்தப் பட்டியல் தன் மேசையில் இருக்கிறது, அதில் ‘உள் ஒதுக்கீடு’ என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது, யார் வந்தார்கள் என்று இல்லை என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அந்தச் சாப்பாட்டுக்குப் பரிமாறியது இரண்டே பேர். அண்ணையும் ஒரு போர்த்துக்கேயப் பெண்ணும். எனக்கு அது தெரியும். அண்ணைதான் சொல்லியிருந்தார். அப்படியிருந்தும் எழுதும்போது என் மண்டையில் அது ஏறவில்லை.

அன்று மதியம் பின்வாசலுக்குப் போனேன். அண்ணை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவர் நின்றார், வெள்ளைச் சட்டை இல்லாமல், குசினியில் போடும் நீலச் சட்டையோடு. கையில் கோப்பி இல்லை. கம்பனியின் மேலாளர் கூப்பிட்டு விசாரித்ததாகவும், மேல்மாடியில் கேட்ட கதையை வெளியில் சொல்வதில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்திருப்பதை எடுத்துக் காட்டியதாகவும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. பத்திரிகையில் வந்த ஒரு செய்தியைச் சொல்வது போலச் சொன்னார்.

“பிழை என்னிலதான் அண்ணை,” என்றேன். “நான் போய்ச் சொல்லுறன்.”

அவர் பெட்டிகள் அடுக்கியிருந்த பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பிள்ளை, நான் உம்மோடதான் கதைச்சனான்,” என்றார். “பாராளுமன்றத்தோட கதைக்கேல்லை.”

உள்ளே போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். பால் வண்டி ஒன்று பின்னுக்கு வந்தது, சாரதி என்னை விலகச் சொல்லிக் கை காட்டினார். விலகினேன்.

அன்று பின்னேரம் சட்டப் பிரிவின் தலைவரிடம் போனேன். ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருக்கிற மனிதர். மேசையில் எப்போதும் அரைவாசி தின்ற ஆப்பிள் ஒன்று இருக்கும். நடந்ததை முழுக்கச் சொன்னேன். முன்பதிவுப் பட்டியல் என்று பொய் சொன்னதையும் சொன்னேன். அவர் ஆப்பிளை ஒரு காகிதத்தில் சுற்றி வைத்தார்.

“உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது என்று படிவம் கேட்கவில்லை. அந்தச் சாப்பாடு நடந்ததா என்பதுதான் கேள்வி,” என்றார்.

அவரைப் பொறுத்தவரை அது சரி. மேலாளரைப் பொறுத்தவரை, எனக்கு எப்படித் தெரிய வந்தது என்பது மட்டும்தான் கேள்வி. நான் அதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். இரண்டையும் பார்ப்போம், முதலில் சாப்பாடு என்றார்.

துணை ரெக்டரின் அறைக்கு நாங்கள் இருவரும் போனோம். பெரிய சண்டை ஒன்று நடக்கும் என்று நினைத்து முதல்நாள் நான் சரியாக நித்திரை கொள்ளவில்லை. சண்டை நடக்கவில்லை. அவர் எங்களை உட்காரச் சொன்னார். குழுவில் இருக்கும் ஒருவர் தன்னோடு ராணுவப் பயிற்சியில் இருந்தவர் என்றும், ஆண்டுக்கு இரண்டு தடவை சேர்ந்து சாப்பிடுவது முப்பது ஆண்டுப் பழக்கம் என்றும் சொன்னார். மற்றவரை அந்த நண்பர்தான் கூட்டிவந்தாராம். தனிப்பட்ட சாப்பாடு, அதனால் எழுதவில்லை. அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் அப்படித்தான் நினைத்திருந்தார்.

கட்டிடத்தைப் பற்றிக் கதைத்தீர்களா என்று தலைவர் கேட்டார்.

துணை ரெக்டர் யன்னல் பக்கம் திரும்பினார். “இந்த ஆண்டு இந்த ஊரில் கட்டிடத்தைப் பற்றிக் கதைக்காமல் யார் சாப்பிடுகிறார்கள்?” என்றார்.

பிறகு அவரே படிவத்தை வாங்கி, தன் பேனாவால் நிரப்பினார். மதியச் சாப்பாடு, மேல்மாடி அறை, குழு உறுப்பினர்கள் இருவர், பொருள்: ஆய்வுகூடக் கட்டிடம். அழகான கையெழுத்து. பல்கலைக்கழகத்துக்குச் சாதகமான முடிவு கேட்கப்பட்டதா என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது. ‘ஆம்’ என்று குறியிட்டார்.

வெளியே வரும்போது என்னைப் பார்த்து, நீங்கள் முன்பு எங்கள் மென்சாவில் வேலை செய்தீர்களா என்று கேட்டார். ஓம், ஒன்பது ஆண்டுகள் என்றேன். அப்படியா, எனக்குத் தெரியாது என்றார். அந்த ஒன்பது ஆண்டுகளில் அவர் தன் கோப்பையைப் பட்டியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மீன் சாப்பிட்டால் முள்ளை ஓரமாக ஒதுக்கி அடுக்கி வைப்பார். அதைச் சொல்லவில்லை.

தலைவர் தன் வார்த்தையைக் காப்பாற்றினார். கம்பனிக்குக் கடிதம் எழுதினார். விதிப்படி அறிவிக்க வேண்டிய ஒரு சந்திப்பைப் பற்றிய தகவல்தான் அது, அதனால் எவருக்கும் பாதிப்பு வரக்கூடாது என்று கேட்டிருந்தார். கம்பனியிலிருந்து நல்ல பதில் வந்தது. எவருக்கும் தண்டனை இல்லை, ஆட்களை இடம் மாற்றுவது வழமையான ஒழுங்கு, அவ்வளவுதான் என்று இருந்தது. அண்ணை மேல்மாடிக்குத் திரும்பவில்லை. காலை ஆறரைக்கு வந்து கோப்பை கழுவும் இடத்தில் நிற்க வேண்டும். அறுபத்தொரு வயது. வலது தோள் ஏற்கெனவே உயராது.

போர்த்துக்கேயப் பெண்ணை அடுத்த மாதம் படிக்கட்டில் கண்டேன். அவர்தான் மிச்சத்தைச் சொன்னார். மேலாளர் இருவரையும் ஒன்றாக நிறுத்தித்தான் கேட்டாராம். அந்தப் பெண்ணுக்கு விசா புதுப்பிக்கிற நேரம். வேலை போனால் அதுவும் சிக்கல். கேள்வி முடிவதற்கு முன்னமே அண்ணை கையை உயர்த்தி, நான்தான் சொன்னேன், இவவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டாராம். யாரிடம் சொன்னீர் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லையாம். மூன்று தடவை கேட்டும் சொல்லவில்லையாம்.

என் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, மின்னஞ்சலின் அடியில் என் பெயர் இருந்தது. ஆனாலும் அவர் சொல்லவில்லை.

கோடைக்கு முன் பட்டியல் மாநிலத்தின் இணையத்தளத்தில் வெளியானது. எங்கள் பகுதி பதினொரு பக்கம். துணை ரெக்டரின் சாப்பாடு ஏழாம் பக்கத்தில் இருந்தது. நான் ஒவ்வொரு நாளும் பத்திரிகையைப் பார்த்தேன். ஒருவரும் அதைப் பற்றி எழுதவில்லை. பாராளுமன்றத்தில் ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கட்டிடம் பெரிய ஆதரவோடு நிறைவேறியது. அந்தச் சாப்பாடு நடந்திருக்காவிட்டாலும் நிறைவேறியிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரே ஒரு பத்திரிகைக்காரி எனக்குத் தொலைபேசி எடுத்தார். நீச்சல் தடாகத்தில் தண்ணீரின் சூட்டைப் பற்றிக் கதைத்த பேராசிரியர் உண்மையிலேயே இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். பகிடியாக ஒரு சிறு கட்டுரை வந்தது. அந்தப் பேராசிரியர் அடுத்த தடவை ‘அறிவிக்க எதுவுமில்லை’ என்று எழுதி அனுப்பினார். என் பட்டியலில் உண்மையாக எல்லாம் எழுதிய ஒரே ஆளையும் நாங்கள் இழந்தோம்.

பின்வாசலுக்கு நான் தொடர்ந்து போனேன். அண்ணையும் சில நாட்களில் வந்தார். கோப்பி குடித்தோம். ரயில் பிந்தியது, மழை விடவில்லை, வீட்டு வாடகை கூடியது என்று கதைத்தோம். முன்பும் இவற்றைத்தான் கதைத்தோம். ஆனால் முன்பு அவர் மேல்மாடியில் நடக்கும் சின்னச் சின்னச் சங்கதிகளைச் சொல்வார். ஒரு விருந்தாளி தன் துடைப்புத் துணியைச் சட்டைப் பைக்குள் மறந்து வைத்துக்கொண்டு போனது, ஒரு பெரிய மனிதர் இனிப்புக்காக மட்டும் இரண்டாம் தடவை வந்தது. இப்போது வேலையைப் பற்றி ஒரு சொல் வராது. நான் ஏதாவது கேட்டாலும், நல்லாப் போகுது என்று முடித்துவிடுவார். நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் கவனமானவர்களாகிவிட்டோம். இருபது ஆண்டுக்கு மேல் பழகிய ஒருவரோடு கவனமாகக் கதைப்பது கோப்பை அடுக்குவதைவிடக் களைப்பான வேலை.

மார்கழிக்குக் கிட்ட மேல்மாடியில் ஆள் பற்றாக்குறை வந்தது. பெரிய விருந்துகளில் பிழைகள் நடந்தன. கம்பனியின் மேலாளர் தானே இறங்கி வந்து, திரும்ப மேலே வரச் சொல்லி அண்ணையைக் கேட்டாராம். அண்ணை மாட்டேன் என்றுவிட்டார். எனக்கு இது குசினியில் இருந்த இன்னொருவர் மூலம் தெரிய வந்தது. அன்று மதியம் நான் அவரிடம் கேட்டேன். ஏன் அண்ணை போகவில்லை, தோளுக்கும் நல்லதுதானே என்றேன்.

“மேல நிண்டால் இனி ஒவ்வொரு வாயையும் பாத்துக்கொண்டெல்லோ நிக்கவேணும்,” என்றார். “இஞ்சை கோப்பையைப் பாத்தால் போதும்.”

அதற்குப் பிறகு நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

சட்டப் பிரிவுத் தலைவரிடம் இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுக்க முடியுமா என்று ஒரு தடவை கேட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கொடுக்கலாம், ஆனால் உங்கள் அளவுக்கு ஒருவரும் இதை ஒழுங்காகச் செய்யமாட்டார்கள் என்றார். அது பாராட்டா, பாரமா என்று எனக்குத் தெரியவில்லை. வேலையை நானே வைத்துக்கொண்டேன். விதி பிழை என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சாப்பாடு பட்டியலில் இருக்க வேண்டியதுதான். இன்றைக்கும் யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஆனால் பட்டியலில் யார் யாரைச் சந்தித்தார்கள் என்று எழுத ஒரு வரி இருக்கிறது, அது எழுதப்படுவதற்காக யார் எங்கே போய் நின்றார்கள் என்று எழுத வரி இல்லை. ஆண்டுக்கு இரண்டு தடவை அந்தத் தாளைத் திறக்கும்போது அது என் கண்ணில் படுகிறது. வேறு ஒருவர் கண்ணிலும் படாது.

போன வைகாசியில் அண்ணையின் மகளுக்குக் கலியாணம். அழைப்பிதழைக் கொண்டு அவர் என் அலுவலகத்துக்கே வந்தார். அதற்கு முதல் அவர் அந்த மாடிக்கு வந்ததே இல்லை. கழுவுகிற இடத்து நீலச் சட்டையைக் கழற்றிவிட்டுத் தன் சொந்தச் சட்டையோடு வந்திருந்தார். கதிரையில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. இரண்டு கையாலும் அழைப்பிதழைத் தந்தார். என் பெயரும் கணவரின் பெயரும் அவருடைய மகளின் கையெழுத்தில் இருந்தன.

“குடும்பமாய் வரவேணும்,” என்றார். “மனிசிக்கு உம்மில கொஞ்சம் மனத்தாங்கல். அதைப் பாக்காதையும். வாரும்.”

போனோம். ஆராவுக்கு வெளியே ஒரு மண்டபம். முந்நூறு பேருக்கு மேல். அண்ணை வேட்டி கட்டி, தோள் வலியோடு எல்லோருக்கும் கை கூப்பிக்கொண்டு நின்றார். அவருடைய மனைவியை அக்கா என்றுதான் நான் எப்போதும் கூப்பிடுவேன். என் பிள்ளைகள் சிறிதாக இருந்தபோது அவர் கையால் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறார்கள். அன்று அவர் என்னைத் தாண்டி இரண்டு தடவை போனார். பார்க்கவில்லையா, பார்த்தும் பாராமல் போனாரா என்று தெரியவில்லை. நான் முறைக்குப் பந்தியில் உட்கார்ந்தேன். கணவர் பாயாசம் நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு ருசி தெரியவில்லை.

எழும்பிக் கை கழுவப் போகும் வழியில் அக்கா எதிரே வந்தார். கையில் வெற்றிலைத் தட்டு. நின்றார். அவருடைய கண் என் முகத்தில் இல்லை, என் சேலைக் கரையில் இருந்தது.

“சாப்பிட்டீரோ?” என்று கேட்டார்.

“ஓம் அக்கா.”

அன்று வந்த எல்லோரிடமும் அவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான். தட்டை நீட்டினார். நான் ஒரு வெற்றிலையும் பாக்கும் எடுத்தேன். அவர் அடுத்த ஆளிடம் போனார். கணவர் கோட்டை எடுத்துவரப் போயிருந்தார். நான் மண்டப வாசலில் சுவரோடு சாய்ந்து, கால் வலிக்க வலிக்க, பஸ் வரும் வரைக்கும் நின்றேன்.